ஆறு புள்ளி நான்கு, இடது கரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபோனில் பேசுகிறோமே, இந்த அம்மா எதற்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். உன் குளியலறை ஒழுகிக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார் என்றாயே, தரையை மட்டும் பார்த்துவிட்டு விடாதே, தரையும் சுவரும் சேருகிற மூலையைப் பார்க்கச் சொல், தண்ணீர் எப்போதும் இணைப்பில்தான் வழி தேடும். பத்தொன்பது வருடம் கால்வாய்ப் படம் வரைந்தவள் சொல்கிறேன், கொத்தனார் சொல்வதை அப்படியே நம்பாதே. இங்கே நம் வீட்டுப் பின்கதவு மழையில் உப்பிப் போய்த் திறக்க மாட்டேன் என்கிறது, தச்சர் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வாரமாக வாயால் மட்டும் வந்துகொண்டிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கிளைக்கால்வாய்க்குக் கடைசியில் விடிவு வந்துவிட்டது, முழு நீளத்துக்கும் அடியும் கரையும் சமன்செய்து காங்கிரீட் போடப் போகிறார்கள். கால்வாய் தொடங்குகிற தலைப்பில் திறக்கிற தண்ணீரில் பாதிகூடக் கடைசி வயலுக்குப் போவதில்லை, நண்டு வளையும் எலி வளையும் கோரையும் மண்ணுமாகக் குடித்துவிடுகின்றன. இதற்கு அளவெடுக்க ஒரு சின்ன இன்ஜினியர் அம்மா வந்திருந்தாள், உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும், வெயிலில் முகம் கருத்துப் போய், காலில் ஆண்பிள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு பதினொரு கிலோமீட்டரும் நடந்தாள். நாங்கள் பாசனச் சங்கத்தார் அவள் பின்னால் நடந்தோம். ஒவ்வொரு குழாய் மதகாகக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டாள். காங்கிரீட்டில் எத்தனை ஓட்டை போடுகிறோமோ அத்தனை இடத்தில் அது பிளக்கும், அதனால மதகுகளைக் குறைச்சுத்தான் ஆகணும்மா என்று என்னிடம் சொன்னாள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற குழாய்களை ஒன்றாக்குவது, எதிரும் புதிருமாக இருக்கிற இடத்தில் ஒன்றை அடைத்துவிட்டு இன்னொன்றைப் பெரிய மதகாகக் கட்டுவது, இதுதான் திட்டம். அப்படி எதிரும் புதிருமாக இருப்பது கால்வாய் முழுவதற்கும் ஒரே இடத்தில்தான், ஆறு புள்ளி நான்காவது கிலோமீட்டரில். அது எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு ஒரு கரை, பெரியப்பாவுக்கு எதிர்க்கரை. ஒரே அளவு நிலம், ஒரே மண். அடைபடுகிற பக்கத்துக்காரர் அரைக் கிலோமீட்டர் மேலே இருக்கிற மதகிலிருந்து ஏழு பேர் வயல் தாண்டி வாய்க்கால் வெட்டி, எட்டாவது ஆளாக முறைக்குக் காத்திருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு பக்கமும் எனக்கு ஒண்ணுதான், எதை அடைக்கணும்னு நீங்களே தீர்மானம் போட்டுக் கொடுங்க என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

பெரியப்பாதான் சங்கத் தலைவர், அது உனக்குத் தெரியும். இப்போதும் மைக்செட்தான், தொண்டை இன்னும் இறங்கவில்லை. நான் செயலாளர், அதாவது அவர் கத்துவார், நான் எழுதுவேன். உனக்கு அவர் மேல் ஒரு பாசம் உண்டு, சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ ஃபோனில் ஒவ்வொரு தடவையும் பழசை மறந்துடும்மா என்கிறாயே, எதை மறக்கச் சொல்கிறாய் என்று உனக்கே முழுதாகத் தெரியாது, அப்போது உனக்கு எட்டு வயது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்த வருடம் அது. நம் பயிர் கதிர் பிடிக்கிற நேரம், ஒரே ஒரு தண்ணீர் போதும், ஒரு முறை பாய்ந்தால் வீடு வந்து சேர்ந்துவிடும். நம் குழாய் வாய்க்குப் பலகை, பலகைக்குப் பூட்டு, சாவி பெரியப்பா இடுப்பில், அப்போதும் அவர்தான் தலைவர். அவர் பக்கம் வயல் தளும்பி வரப்பு மேல் வழிந்து ரோட்டில் ஓடுகிறது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நேராகக் கரைக்குப் போய் ஏழெட்டு ஆண்கள் நடுவில் நின்று, மச்சான், ஒரு முறை திறந்துவிடுங்க என்று கேட்டேன். வாயால கேட்டாத் திறக்க முடியாது, சங்கத்துக்கு முறைப்படி மனு எழுதிக் கொடு என்றார். சொந்தத் தம்பி பெண்டாட்டியிடம். நான் வீட்டுக்கு ஓடி உன் ரூல்டு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மனு எழுதிக்கொண்டு திரும்பவும் ஓடினேன். வாங்கி நிதானமாக மேலிருந்து கீழ்வரை படித்தார். எழுத்து முத்து முத்தா இருக்கு என்று சுற்றி நின்றவர்களிடம் காட்டினார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போய்விட்டார். பூட்டைத் தொடவே இல்லை. அடுத்த வாரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பஸ் கரையோரமாகத்தான் வந்தது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் நம் வயலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார், அந்தக் கரையில் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. பெரியப்பாவின் அந்தச் சட்டையைத் துவைத்தபோது பையில் கிடந்த மனுவைப் பெரியம்மா எடுத்துக் காயவைத்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள், கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். மை முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் போகத்தில் நம்முடையது என்று தண்ணீர் பட்டது அந்தக் காகிதம் ஒன்றுதான். இந்த உறைக்குள் இருக்கிறது, பத்திரமாக வை.

அந்த விளைச்சல் போனதால்தான் நான் வேலைக்குப் போனேன், கால்வாய்ப் பிரிவு அலுவலகத்தில் படம் நகல் எடுக்கிற வேலை, கண்ணாடி மேஜைக்கு அடியில் பல்பு எரிய, மேலே குனிந்து கோடு கோடாக இழுக்கிற வேலை. அங்கே ரெண்டாம் நாளே ஒரு தப்புச் செய்தேன். இடது கரை மதகுகளுக்குப் பச்சைக் கலர் கொடு என்றார்கள், நான் அத்தனையையும் வலது கரையில் கொடுத்துவிட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. நம் ஆட்கள் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தானே நிற்போம், எப்போது வரும் எப்போது வரும் என்று மேற்கால்வாயைப் பார்த்தே கழுத்து வலித்துப் போன ஜனம், அதனால் நமக்கு இடது கை பக்கம் இருப்பது இடது கரை. ஆபீஸ் கணக்கு அப்படி இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், அப்போது இடது கை பக்கம் வருவதுதான் இடது கரை. நம் இடது அவர்களுக்கு வலது, நம் வலது அவர்களுக்கு இடது. இந்த ஒரு விஷயம் சங்கத்தில் இருக்கிற பதினேழு பேரில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். என்னை அந்த வேலைக்கு அனுப்பிவைத்த புண்ணியவான் யார் என்று யோசித்துப் பார்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறையில் கூட்டம். குட்டி பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸிலிருந்து வந்த படிவத்தில் யார் பேரும் எழுதக் கூடாது, கிலோமீட்டரும் கரையும் மட்டும்தான் எழுத வேண்டும். மற்ற இடங்களில் ஒரே கரையில் அடுத்தடுத்து இருக்கிற குழாய்கள், அதற்கு வரிசை எண் போதும், கரைப் பேர் எழுத வேண்டிய இடம் நம் இடம் மட்டும். வேறு யாருக்காவது இதனால் பாதகம் வருமா என்று நான் மூன்று தடவை சரிபார்த்தேன், யாருக்கும் வராது, அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி இருக்கிறது. பெரியப்பா எழுந்து நின்று, ஆறு புள்ளி நாலு, இடது கரைக் குழாயை அடைக்கிறது, வலது கரையில புது மதகு கட்டுறது, எழுது என்றார். இடது கரை என்று அவர் மனதில் இருந்தது நம் வயல். சைக்கிள் கடைக்காரர் ஒருவர்தான் வாய் திறந்து, அது உங்க தம்பி பொண்டாட்டி நிலமாச்சே, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றார். பொதுக் காரியத்துல சொந்தபந்தம் பார்க்கக் கூடாது என்று மைக்செட் முழங்கியது. மற்றவர்கள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, முதலில் அழுகைதான் வந்தது, பேனா மூடியைக் கழற்றுகிற வரைக்கும். கழற்றிக் காகிதத்தில் வைத்த பிறகுதான் அவர் சொன்ன வார்த்தை என்ன என்று காதில் விழுந்தது. என் கண்ணாடி மேஜை ஞாபகம் வந்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

நான் அநியாயம் செய்யவில்லை என்பதற்கு இதைக் கவனி. இடது கரைன்னே எழுதட்டுமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரெண்டாவது தடவையும் கேட்டேன். அதற்கு அவர், இடது வலது தெரியாமத்தான் பத்தொன்பது வருஷம் கவர்மெண்டு உத்தியோகம் பார்த்தியா, சொன்னதைச் சொன்னபடி எழுது, ஒரு எழுத்து மாறக் கூடாது, உன் ஆபீஸ் மூளையெல்லாம் இங்கே காட்டாதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சைக்கிள் கடைக்காரர்கூட. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். ஒரு எழுத்து மாறவில்லை. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு, கரைகள் நீரோட்டத் திசையில் கணக்கிடப்படும் என்று. எழுதி முடித்துவிட்டு அந்த வரியையும் சேர்த்தே உரக்கப் படித்தேன், என்னிடம் மைக்செட் தொண்டை இல்லாததற்கு நான் என்ன செய்ய, அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. அவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், அந்தப் பொடி வரிக்கு நேர் கீழே, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். சரிங்க மச்சான் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை திட்டப்படம் வந்தது. சங்க அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஆறு புள்ளி நான்கில் அவர் குழாய்க்கு மேல் ஒரு சின்னப் பெருக்கல் குறி, நம் பக்கம் புது மதகு, இரும்புக் கதவோடு, என்ன அழகான கோடு, இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வரைகிறது. அந்தச் சுவர் முன்னால் நிறைய பேர் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள், ஒருவருக்கும் படம் படிக்கத் தெரியாது. மறுநாள் காலையில் பெரியப்பா ஒரு நகலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார், எனக்கு அது பொறுக்கவில்லை, ஆனாலும் டீ போட்டுக் கொடுத்தேன். படத்தை என் சாப்பாட்டு மேஜையில் விரித்து, நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே, என் மதகு பத்திரமா இருக்கா பாரு என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஒரு நிமிஷம், பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் என் விரல் அந்தப் பெருக்கல் குறி பக்கம் போனது. கழுத்தெல்லாம் சுருங்கி, காலரைச் சுற்றி இடம் விட்டுக் கிழவராகத் தெரிந்தார். அப்போது அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்னிக்கு நீ எழுதினதைப் பார்த்தேன், எழுத்து இன்னும் முத்து முத்தாத்தான் இருக்கு என்றார். அவருக்கு நினைவே இல்லை மகளே. இருபத்திரண்டு வருடமாக நான் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிற வார்த்தை அவருக்கு நினைவுகூட இல்லை. விரலை எடுத்துக்கொண்டேன். தீர்மானத்துல உள்ளபடியே போட்டிருக்காங்க மச்சான், ஒரு எழுத்து மாறலை என்றேன். இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இத்தனை வருடம் இந்தக் கால்வாயில் எல்லோருக்கும் தண்ணி காட்டிய மனுஷனுக்கு நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணி காட்டிவிட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, வெட்கமே இல்லாமல் சொல்கிறேன்.

ஆட்சேபணை நாள் முடிந்த மறுநாள் அந்த இன்ஜினியர்ப் பெண் வந்து அடைக்கிற குழாய்களில் சிவப்புப் பெயிண்டால் குறி போடுவாள். நான் குடையோடு போய் நிற்கப் போகிறேன், முழங்கால் வலித்தாலும் சரி. அவர் நம் பக்கம் கையைக் காட்டுவார், அந்தப் பெண் அவர் பக்கம் குனிவாள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மேல்மதகு ஏழு பேரில் ஐந்து பேரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அவர்கள் வயல் வழியாக இவருக்கு யார் வாய்க்கால் வெட்ட விடுவார்கள். வேறு ஒரு வழியும் விதியில் இருக்கிறது, புது மதகுக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் எதிர்க்கரைக்குக் குறுக்கே ஒரு குழாய் போட்டுக்கொள்ளலாம். புது மதகுக்காரி நான். பாதி உன் பேரில் இருந்தாலும் கையெழுத்து அதிகாரம் என்னிடம் இருக்கிறது, நீதான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். அவர் வருவார். வாயால் கேட்பார். முறைப்படி மனு எழுதிக் கொடுங்க மச்சான் என்பேன். கொண்டுவந்து கொடுத்தால் வாசலில் நின்றபடியே, தெருவில் போகிறவர்கள் பார்க்க, மேலிருந்து கீழ்வரை படிப்பேன். எழுத்து நல்லா இருக்கு என்பேன், கோழி கிளறின மாதிரி இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். நாலாக மடித்து உள்ளே வைத்துவிடுவேன். அதற்கப்புறம் கையெழுத்துப் போடுவேனா என்றால், பெரியம்மா முகத்துக்காக ஒருவேளை போடலாம், நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதபோது தினம் சோறு கட்டிக்கொண்டு வந்து உனக்கு ஊட்டியவள் அவள்தான். ஆனால் அப்பா பஸ் கம்பியில் நெற்றி வைத்ததை நினைத்தால் ஒரு போகமாவது அந்த மனு மடித்தபடியே கிடக்கட்டும் என்று தோன்றுகிறது. அவர் பயிர் கதிர் பிடிக்கிற போகம். இதில் நல்லவளாக இருக்க எனக்கு ஆசை இல்லை.

இப்போது காரணம். இதையெல்லாம் ஃபோனில் சொன்னால் நீ என் ஃபோனை வைத்துவிட்டு அடுத்த நிமிஷம் பெரியப்பாவுக்குப் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும், உன் மனசு அப்பா மனசு. அவர் ஒரு வரி ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். தபாலாபீஸ் பெண்ணிடம் விசாரித்தேன், உன் ஊருக்குக் கடிதம் போய்ச் சேரப் பதினாலு நாள் ஆகுமாம். விரைவுத் தபாலில் நாலே நாளில் போய்விடும்மா, அதுல போடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், சாதாரணத் தபாலே போதும் என்றேன். ஆட்சேபணைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. நீ இதைப் படிக்கும்போது சிவப்புப் பெயிண்ட் காய்ந்திருக்கும். இந்த ரெண்டு வாரமும் ஃபோனில் உன்னிடம் மழையையும் பின்கதவையும் பற்றியே பேசியிருப்பேன், அதற்காக என் மேல் கோபப்படு, பரவாயில்லை, தாங்கிக்கொள்வேன்.

குட்டிக்குப் பல் விழுந்த இடத்தை நாக்கால் தள்ள வேண்டாம் என்று சொல். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, மாப்பிள்ளையையும் ஓட விடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யார் வாசலிலும் கை கட்டி நிற்காமல், நிறைந்த வீடாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன், அப்பா இருந்திருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார், முதல் பாதியையாவது. குளியலறை மூலையை மறக்காதே. கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய், எத்தனை மணியானாலும் சரி. முதலில் எனக்கு, பெரியப்பாவுக்கு அப்புறம்.

சொன்னபடியே எழுதிய,
உன் அம்மா